கிணறு உவர்த்தால் என்ன செய்வது? வன்னிக் கரையோரத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

கொக்கிளாய் என்றாலும் சரி, பூநகரி என்றாலும் சரி, வன்னிக் கரையோரத்தில் கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்தால் முதலில் வரும் பேச்சு “கடல் உள்ளுக்கு வந்திட்டுது” என்பதுதான். சில இடங்களில் அது உண்மை. வேறு சில இடங்களில் அந்த உப்புக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டுக்கும் சனங்கள் செய்யும் வைத்தியம் ஒன்றேதான்: கிணற்றை முழுக்க இறைத்துத் தள்ளுவது, அதற்கும் சரிவராவிட்டால் இன்னும் இரண்டு வளையம் கீழே இறக்குவது. கடலால் வந்த உவருக்கு இந்த இரண்டுமே கேடு. கரையோர நிலத்தடி நீரை ஆராய்கிறவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயம் இது. உப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள், பம்பில் கை வைப்பது அதற்குப் பிறகு.

கீழே அறிகுறிகளை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். உங்கள் கிணற்றுக்குப் பொருந்துவதை நேரே போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளையும் தாண்டிப் போக வேண்டாம், மிச்சம் எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதலில் அளந்து பாருங்கள்

நாக்கு நல்ல கருவிதான், ஆனால் அது பிந்தித்தான் சொல்லும். தண்ணீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமை அண்டும்போதுதான் பலருக்கு உப்பு பிடிபடும். இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 வைத்திருக்கும் எல்லையும் அதே 250தான். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. அப்படியென்றால் நூறு பங்கு நல்ல தண்ணீரில் ஒரு பங்கு கடல்நீர் சேர்ந்தாலே 190 ஏறிவிடும். இரண்டு பங்கு சேர்ந்தால் அது குடிநீர் இல்லை. பத்து லீற்றர் வாளிக்கு இருநூறு மில்லிலீற்றர், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு ஈ.சி. மீற்றர் வேண்டும். பேனா மாதிரி சட்டைப் பையில் வைக்கும் அளவில் கிடைக்கிறது. அது தண்ணீரின் மின்கடத்துதிறனை மைக்ரோசீமன்ஸ் கணக்கில் காட்டும். கரைந்திருக்கும் உப்பு கூடக் கூட எண்ணும் கூடும். உப்பைப் பொறுத்தமட்டில் 750க்குக் கீழே கவலையில்லை. கடல்நீர் 50,000 அளவில் நிற்கும். வீட்டுக்கொன்று வாங்கத் தேவையில்லை. ஒரு கமக்காரர் அமைப்போ மீனவர் சங்கமோ ஒன்று வைத்திருந்தால் ஊருக்கே போதும். ஆனால் 1413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசல் ஒரு சிறு போத்தலும் கூட வாங்குங்கள். மாதம் ஒருமுறை அதில் நனைத்து மீற்றர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காவிட்டால், நீங்கள் எழுதும் எண்களை நம்ப ஏலாது.

மீற்றர் இல்லையா? பக்கத்துப் பாடசாலையில் உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடம் இருந்தால் ஆசிரியரைக் கேளுங்கள். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட, குளோரைட்டு உள்ள தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். பொற்றாசியம் குரோமேற்றைக் காட்டியாக வைத்து நியமித்தால், அதாவது நிறம் மாற எவ்வளவு கரைசல் போனது என்று அளந்தால், அளவே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் தங்கள் கிணற்றையே பாடமாகப் படித்தது மாதிரி ஆகும்.

ஒவ்வொரு முறையும் மூன்றை எழுதுங்கள்: திகதி, கிணற்று வாயிலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு உள்ள ஆழம், ஈ.சி. எண். தண்ணீரை மேலிருந்து ஒன்றும் அடியிலிருந்து ஒன்றுமாக எடுக்க வேண்டும். அடித்தண்ணீர் எடுக்க, ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, மூடியைத் தளர்வாக இறுக்கி அதில் தனி நூல் ஒன்றைக் கட்டி இறக்குங்கள். அடியைத் தொட்டதும் நூலைச் சுண்டினால் மூடி கழன்று தண்ணீர் நிரம்பும். மேல் எண்ணும் அடி எண்ணும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

காலடியில் என்ன நிலம்?

வன்னியில் மூன்று வகை நிலத்தில் கிணறு வெட்டுகிறோம். முல்லைத்தீவுக் கரை நெடுக, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் என்று தெற்கே போகப் போக, கடலுக்கும் களப்புக்கும் இடையில் மணல். பூநகரியிலிருந்து மன்னார்ப் பக்கமாக மேற்குக் கரையில் அடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல். இரண்டுக்கும் உள்ளே, ஒட்டுசுட்டான், மாங்குளம், வவுனியா என்று பெரும்பகுதி பழைய கருங்கற் பாறை. அங்கே தண்ணீர் இருப்பது பாறைக்கு மேலே உக்கிய மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டும்.

மணலில் நடப்பது இது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினது 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து பெரிய கணக்கு ஒன்று வரும்: நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான படோன் கைபெனும், 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி. மேலே 30 சென்ரிமீற்றர் மட்டும் இருந்தால் கீழே 12 மீற்றர்தான். மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து 4 மீற்றர் உப்பு ஏறும். உண்மையில் இரண்டும் கத்தி வைத்து வெட்டினாற்போல் பிரிந்து நிற்பதில்லை. நடுவில் கலவையான ஒரு படை இருக்கும், அது கணக்குச் சொல்லும் இடத்துக்கு மேலேயே தொடங்கிவிடும். அதனால் கணக்கில் 12 மீற்றர் என்றால் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

மேலே குறையும் ஒரு விரற்கடைக்குக் கீழே நாற்பது விரற்கடை. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

“காலையில் நல்ல தண்ணி, பம்ப் போட்டுக் கொஞ்ச நேரத்தில உவர்”

கரையோர மணலில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. நான் அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான், ஏனென்றால் பழக்கத்தை மாற்றினால் காப்பாற்றக்கூடிய கிணறுகள் இவை.

முதலில் ஒரு சோதனை. விடியற்காலை, யாரும் அள்ளுமுன், ஈ.சி. எடுங்கள். பம்பைப் போட்டு, பதினைந்து நிமிடத்துக்கொருமுறை வெளிவரும் தண்ணீரை அளந்து ஒரு மணித்தியாலம் வரை எழுதுங்கள். நிறுத்திவிட்டு அடுத்த நாள் விடிய மறுபடி எடுங்கள்.

எண் ஏறிக்கொண்டே போய், இரவு ஓய்ந்தபின் பழைய இடத்துக்கு இறங்கினால், கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலே இழுபடுகிறது என்று அர்த்தம். பம்ப் கிணற்று மட்டத்தை 20 சென்ரிமீற்றர் இறக்கினால், அந்த நாற்பது மடங்குக் கணக்கில் உப்பு 8 மீற்றர் வரை எழும்பப் பார்க்கும். ஒரு மணித்தியாலத்தில் அவ்வளவும் நடக்காது, ஆனால் ஒவ்வொரு நாளும் நடந்தால் நடக்கும். ஓய்ந்தபின் எண் முழுதாக இறங்காமல் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி நின்றால், கூம்பு இறங்க நேரம் போதவில்லை. இன்றைக்கே இறைப்பைக் குறையுங்கள்.

எண் ஆடாமல் அசையாமல் நின்றால் கடலை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள். இறைக்க இறைக்க எண் குறைந்தால் அது நல்ல செய்தி: அழுக்கும் உப்பும் கிணற்றுக்குள்ளேதான், சுற்றியுள்ள மண்ணில் இருப்பது நல்ல தண்ணீர். அந்தக் கிணற்றை மட்டும் ஆறுதலாக இறைத்துத் துப்பரவாக்கினால் சரிவரும்.

கூம்பு ஏறும் கிணற்றுக்கு என்ன செய்யலாம்? இரண்டு அங்குல எண்ணெய்ப் பம்பை முதலில் எடுத்து வையுங்கள். அது நிமிடத்துக்குச் சில நூறு லீற்றர் உறிஞ்சும். மெல்லிய நன்னீர்ப் படை அதைத் தாங்காது. சின்ன மின்பம்ப் போதும். ஆயிரம் லீற்றர்த் தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பாமல் காலை, மத்தியானம், பின்னேரம் என்று பிரித்து நிரப்புங்கள். உறிஞ்சுகுழாயின் நுனி கிணற்றின் அடியில் கிடக்க வேண்டியதில்லை. ஒரு மிதவையில் கட்டி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி விடுங்கள். நல்ல தண்ணீர் இருப்பது மேலேதான். தோட்டக்காரருக்கு இன்னும் ஒரு வழி உண்டு: ஒரு ஆழக் கிணற்றுக்குப் பதில், ஆழமில்லாத இரண்டு மூன்று துரவுகளைத் தள்ளித் தள்ளி வெட்டி மாறி மாறி இறைப்பது. எங்கள் அப்பு ஆச்சி துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் இந்த மணலில் நல்ல தண்ணீர் நின்றதற்குக் காரணம் அதுதான். மேலே இருப்பதை மட்டும், மெதுவாக எடுத்தார்கள்.

அயலில் ஒருவர் மட்டும் அடக்கமாக இறைத்துப் பயனில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேலிக்கு மேலேதான் காணி பிரிபடுகிறது, கீழே நன்னீர்ப் படை எல்லோருக்கும் ஒன்றுதான். பக்கத்துக் காணியில் பெரிய பம்ப் ஓடினால் உங்கள் எண்ணும் ஏறும். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே நாளில் இந்தச் சோதனையைச் செய்து, எண்களைப் பக்கத்தில் வைத்துக் கதையுங்கள். எண்ணை வைத்துக் கதைத்தால் சண்டை வராது.

“ஆழமாக்கினோம், அதோட உவராய்ப் போச்சு”

மேலே சொன்ன கணக்குப்படி இது எதிர்பார்க்கவேண்டியதுதான். கோடையில் வற்றுகிறது என்று மணலில் வளையம் இறக்கினால், நல்ல தண்ணீரைத் தாண்டிக் கலவைப் படைக்குள் போகிறீர்கள். இறக்கிய ஆழத்துக்குக் களிமண் இட்டு இறுக்கி, பழைய அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வற்றும் கிணற்றை அகலமாக்கலாம், ஆழமாக்கக் கூடாது.

சுண்ணக்கல்லில் குழாய்க்கிணறு போட்டவர்களின் கதை வேறு. சுண்ணக்கல்லில் தண்ணீர் மணலில் போலச் சீராக ஊறுவதில்லை, வெடிப்புகளிலும் பொந்துகளிலும் ஓடுகிறது. ஒரு வெடிப்பு கடல் பக்கம் திறந்திருந்தால், கரையிலிருந்து தூரத்திலும் உப்பு வரும். பத்து யார் தள்ளிப் போட்ட கிணறு நல்லதாக இருக்கும். முருங்கன், முழங்காவில், பரந்தன் பக்கங்களில் மணற்கல்லிலும் சுண்ணக்கல்லிலும் அழுத்தத்தோடு அடைபட்ட ஆழ்நீர்ப் படுகைகள் உண்டு. அங்கே மேலே உவரும் கீழே நல்ல தண்ணீரும் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் குழாய்க்கிணற்றின் மேற்பகுதியைச் சீமெந்து விட்டு அடைக்காவிட்டால், மேல் உவர் குழாயின் ஓரமாக வழிந்து கீழே இருப்பதையும் கெடுக்கும். துளையிட வருபவரிடம் இதைக் கேட்டு, அடைத்த பிறகுதான் பணம் கொடுங்கள்.

“கோடையில கரிக்குது, மாரியில நல்லாயிருக்கு”

இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில் படை தடிக்கிறது, சோளகம் வீசும் மாதங்களில் மெலிகிறது. பார்க்கவேண்டியது ஒரே ஒரு எண்: ஒவ்வொரு வருடமும் செப்ரெம்பர் கடைசியில், முதல் மழைக்கு முன், ஈ.சி. எவ்வளவு? அது வருடா வருடம் கூடினால் மழை கொண்டுவருவதைவிட நாம் எடுப்பது அதிகம். அப்போது செய்யவேண்டியது மழைநீரை நிலத்துக்குள் இறக்குவது. வளவுத் தண்ணீரை வீதிக்கு வெட்டி விடாதீர்கள். ஊரின் சின்னக் குளங்களையும் கேணிகளையும் தூர்வாருங்கள். மணற்பிட்டிகளை வெட்டி விற்க இடங்கொடாதீர்கள். மழையை வாங்கி மெதுவாக உள்ளே விடுவதும், அலை உள்ளே வராமல் தடுப்பதும் அந்தப் பிட்டிதான்.

“உவர்க்கவில்லை, ஆனால் சவர்க்காரம் நுரைக்குதில்லை”

இதை யாரும் கடலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. கடல்நீர் மண்ணுக்குள் முன்னேறும்போது நடக்கும் முதல் மாற்றங்களில் இதுவும் ஒன்று. களித்துணிக்கைகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடல்நீர் வந்ததும் அதிலுள்ள சோடியத்தைப் பிடித்து, கல்சியத்தை விட்டுவிடும். ஆகவே முன்னே வரும் தண்ணீரில் சோடியம் குறைவு, கல்சியம் அதிகம். தலை முழுகினால் மயிர் சிக்குப்படும், உடுப்புத் தோய்த்தால் சவர்க்காரம் கரையும், நுரைக்காது. பரிசோதனைத் தாளிலும் இது தெரியும். கடல்நீரில் சோடியத்துக்கும் குளோரைட்டுக்கும் உள்ள மூல் விகிதம், அதாவது நிறையால் அல்லாமல் துணிக்கைகளின் எண்ணிக்கையால் பார்க்கும் விகிதம், 0.86. உங்கள் கிணற்றில் குளோரைட்டு வருடா வருடம் ஏறி, இந்த விகிதம் 0.86க்குக் கீழே இறங்கினால், உப்பு முன்னேறிக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் போகும்போது நேர்மாறு. மழை உப்பைக் கழுவி வெளியே தள்ளும்போது களி சோடியத்தை விட்டுக் கல்சியத்தை எடுக்கும். தண்ணீர் வழவழப்பாகும், கொஞ்சம் சோடாச் சுவை வரும், விகிதம் ஒன்றைத் தாண்டும். ஒரே குளோரைட்டு எண் உள்ள இரண்டு கிணறுகளில் ஒன்று கெட்டுக்கொண்டும் மற்றது தேறிக்கொண்டும் இருக்கலாம். இந்த விகிதம்தான் பிரித்துச் சொல்லும். ஆய்வு செய்கிறவர்களுக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள அடையாளம் கிடைப்பது அரிது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கருங்கற் பாறைப் பக்கத்திலும் சுண்ணக்கல்லிலும் தண்ணீர் இயல்பிலேயே வன்மையானது. கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டுவது கல்சியமும் மகனீசியமும்தான், கடலுப்பு இல்லை. குளோரைட்டு ஏறாமல் வன்மை மட்டும் இருந்தால் கடலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

“கடல் எங்கேயோ இருக்கு, எங்கட கிணறு ஏன் உவர்?”

நான்கு சந்தேகங்கள், இந்த ஒழுங்கில்.

களப்பு. கடல் தூரம் என்றாலும் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் என்று களப்புகள் உள்ளே வந்து கிடக்கின்றன. மாரியில் அவற்றில் ஆற்று நீர் நிறையும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடி, வெயிலில் வற்ற வற்ற, களப்பின் உப்பு கடலையும் மிஞ்சக்கூடும். அந்தப் பக்கம் சரிந்த கிணறுகள் அதைக் குடிக்கும். உப்புத் தரையில் வளரும் உமரிச் செடி முளைத்த இடம் இருந்தால் அங்கே கிணறு வெட்ட நினைக்காதீர்கள்.

பழைய உப்பு. ஒரு காலத்தில் கடல் நின்ற தாழ்நிலங்களின் களியில் அந்த உப்பு இன்னும் அடைபட்டிருக்கிறது. ஆனையிறவைச் சுற்றிய தரைகளில் இதை எதிர்பார்க்க வேண்டும்.

ஆவியான உப்பு. கடலோடு சம்பந்தமில்லாத உள்நாட்டு நிலத்திலும், வடிகால் இல்லாத பள்ளத்தில், வெயில் தண்ணீரை எடுத்து உப்பை விட்டுவிடும். இதையும் கடலுப்பையும் நாக்கால் பிரிக்க முடியாது. ஆய்வுகூடத்தில் ஒட்சிசன், ஐதரசன் சமதானிகளை (ஒரே மூலகத்தின் நிறை வேறான அணுக்களை) அளந்தால் பிரிக்கலாம்: வரைபில் குறித்தால், ஆவியான தண்ணீர் மழைநீரின் கோட்டிலிருந்து சரிந்து விலகி நிற்கும். பல்கலைக்கழக ஆய்வு நடக்கும் ஊர்களில் மாதிரி கேட்டு வந்தால் மறுக்காமல் கொடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பாறை. வவுனியா, மாந்தை கிழக்குப் பக்கம் நீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்து உப்பும் புளோரைட்டும் சேர்த்திருக்கும். புளோரைட்டுக்கு நியம எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். இதற்குச் சுவையே இல்லை. ஈ.சி. மீற்றரும் காட்டாது. தனியாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

“பக்கத்து வீட்டுக் கிணறு நல்லது, எங்களுடையது மட்டும் உவர்”

சுண்ணக்கல் வெடிப்பை விட்டால், கடல் ஒரு வீட்டை மட்டும் தேடி வருவது அரிது. ஒரு கிணறு மட்டும் கெட்டால் முதலில் மலசலகூடக் குழியைப் பாருங்கள், அப்புறம் மாட்டுப் பட்டியை, அப்புறம் பசளையை. மனிதக் கழிவிலும் குளோரைட்டு உண்டு. தோட்டத்துக்குப் போடும் மியூரியேற் ஒஃப் பொட்டாஷ் பசளையில் ஏறத்தாழ பாதி நிறை குளோரைட்டுத்தான். பிரித்துப் பார்க்க நைத்திரேற்றைப் பரிசோதியுங்கள். குளோரைட்டோடு நைத்திரேற்றும் ஏறியிருந்தால் குழியோ பசளையோதான் காரணம். கடல்நீரில் நைத்திரேற்று இல்லாததற்குச் சமம். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது; குருதியில் ஒட்சிசன் குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்றுப் போகாது, இன்னும் செறியும்.

மணல் நிலத்தில் குழியிலிருந்து கிணற்றுக்குப் போகும் தண்ணீரைத் தடுக்க ஒன்றும் இல்லை. நிலத்தடி நீர் ஓடும் திசையில், அதாவது பெரும்பாலும் கடல் பக்கமாக, குழி இருக்க வேண்டும். கிணறு அதற்கு மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். மீள்குடியேற்றத்தின்போது அவசரத்தில் கட்டிய பல வளவுகளில் இந்த ஒழுங்கு பார்க்கப்படவில்லை. கிணற்றை மாற்றுவதைவிடக் குழியை மாற்றுவது மலிவு.

“கடல் வந்து போன பிறகு கிணறு முழுக்க உப்பு”

2004 டிசம்பர் 26 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையில் இதைப் பார்த்தோம். கிணறு உப்பை உள்ளே விடும் துளையாகவே மாறியது. அலை கிணற்றுக்குள் இறங்கி, கனமான உப்புநீர் அடியால் சுற்றியுள்ள மணலுக்குள் பரவியது. மேலே தரையில் தேங்கியதும் மெல்ல ஊறி இறங்கியது. உயிர் மிஞ்சியவர்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டி, உதவிக்கு வந்தவர்களோடு சேர்ந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அந்த வேளையில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் மட்டக்களப்புக் கரையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் கண்காணித்தபோது, உப்பைக் கழுவியது இறைப்பு அல்ல, மாரி மழைதான் என்று தெரிந்தது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பும் மேலே வரும்.

“தம்பி, இறைச்சு ஊத்தினா உப்புப் போகாதோ?” என்று கேட்பார்கள். “போகாது ஆச்சி, மழை விழும்வரைக்கும் விட்டுவைக்கத்தான் வேணும்” என்றுதான் சொல்ல முடியும். மனதுக்குக் கஷ்டமான பதில், ஆனாலும் அதுதான் சரி.

ஆகவே புயலிலோ கடல் பெருக்கிலோ உப்புநீர் புகுந்தால்: உள்ளே கிடக்கும் குப்பையையும் சேற்றையும் ஒருமுறை மெதுவாக எடுங்கள். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் தூரத்தே, கடல் பக்கமாக விடுங்கள். குளோரின் இட்டுக் கிருமி நீக்க, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். பிறகு நிறுத்தி, வாரம் ஒருமுறை ஈ.சி. மட்டும் எழுதுங்கள். குடிக்கப் பவுசர் தண்ணீர், மற்ற வேலைக்குக் கிணறு. இனி வரும் நாளுக்காகக் கிணற்றுக் கட்டை உயர்த்தி, மூடி போட்டு வையுங்கள்.

“இலை நுனி கருகுது”

பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு வேறு. இறைக்கும் தண்ணீரின் ஈ.சி. போஞ்சிக்கு 700, வெங்காயத்துக்கு 800, மிளகாய்க்கு 1000 தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். நெல்லும் கச்சானும் 2000 வரை தாங்கும், கௌபி 3000ஐயும் தாண்டும். தென்னை இவற்றையெல்லாம் விடத் தைரியமானது. இவை ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் அட்டவணையை ஒட்டிய எண்கள். எங்கள் மணலில் மாரி மழை உப்பைக் கழுவிவிடுவதால் கொஞ்சம் கூடவும் தாங்கலாம். உவர்த் தண்ணீரை வெயில் நேரத்தில் இலையில் படத் தெளிக்காதீர்கள். வேரடியில், பின்னேரம் விடுங்கள்.

வடிகட்டி வாங்கலாமா?

கொதிக்க வைத்தால் உப்புப் போகாது. படிகாரம், மண்வடி, கரி ஒன்றாலும் போகாது. தண்ணீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் எடுக்கும். ஆனால் அது நல்ல தண்ணீரைத் தந்துவிட்டு, எடுத்த உப்பையெல்லாம் கழிவுத் தண்ணீரில் செறிவாக்கி வெளியே விடும். அந்தக் கழிவைக் கிணற்றடிக் குழிக்குள் விடும் இடங்கள் உண்டு. அங்கே சில வருடத்தில் இயந்திரமே திணறும் அளவுக்குக் கிணறு உவர்க்கும். கழிவுக் குழாயைக் களப்புக்கோ கடலுக்கோ போகும் வடிகால் வரை நீட்டுங்கள். ஊர்ப் பொது இயந்திரம் வைக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பரிசோதனைக்கு அனுப்பும்போது

நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது “தண்ணி குடிக்கலாமோ?” என்று மட்டும் கேட்காதீர்கள். சோடியம், கல்சியம், மகனீசியம், குளோரைட்டு, சல்பேற்று, இருகாபனேற்று, நைத்திரேற்று, புளோரைட்டு என்று எழுதிக் கொடுங்கள். எதெதை அங்கே செய்யலாம், எதை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, திகதியும் ஆழமும் எழுதி ஒட்டுங்கள். ஊரில் பல கிணறுகள் ஒன்றாகக் கெட்டிருந்தால் நீர்வளச் சபைக்குக் கிராம அலுவலர் ஊடாகக் கடிதம் போடலாம். மின் தடை அளவீடு செய்தால் துளையிடாமலேயே உப்புநீர் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று மதிப்பிட முடியும். உப்புநீர் ஊறிய மணலின் மின் தடை சில ஓம்-மீற்றர்தான், நன்னீர் மணலில் அது பல மடங்கு கூட. களிமண்ணும் குறைவாகக் காட்டும் என்பதால், பக்கத்தில் ஒரு கிணற்றின் மண் வரிசையையும் ஈ.சி. எண்களையும் கையில் வைத்துத்தான் அந்த அளவீட்டை வாசிப்பார்கள். உங்கள் கொப்பியில் மழைக்கு முன் செப்ரெம்பரிலும் மழைக்குப் பின் பெப்ரவரியிலும் எழுதிய எண்கள் இருந்தால், ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள்.